பெட்டி ஏன் கத்தவில்லை

அத்தியாயம் 7

கேத்தலால் தண்ணீர் ஊற்றுவதற்கென்றே கர்த்தர் தன்னைப் படைத்துவிட்டாரோ என்று ஜொனிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வந்ததிலிருந்து இதே வேலை.

"ஊத்து," என்றாள் ரெங்கம்மா.

பொலிஸ் நிலையத்தின் பின்முற்றத்தில், ஆடுகிற மேசையொன்றின் மேல் அந்த மஞ்சள் பெட்டி உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து ஒரு வயர் போய் மழைமானியில் முடிந்தது. மழைமானியின் வாய்க்குள் ஜொனி தண்ணீரை விட்டான். உள்ளே இருந்த சின்னக் கரண்டி நிரம்பிக் கவிழ்ந்து, நிரம்பிக் கவிழ்ந்து, டக் டக்கென்று தாளம் போட்டது. அப்புறம் பெட்டி கத்தியது பாருங்கள், அடேயப்பா! கூரையிலிருந்த காகமெல்லாம் பறந்தது. வாசலில் நின்ற கான்ஸ்டபிளின் பிளேன்டீ அவருடைய காற்சட்டையிலேயே கொட்டியது.

இன்ஸ்பெக்டர் பாறூக் காதிலிருந்து விரலை எடுத்தார்.

"திருப்தியா மேடம்? தண்ணி ஊத்துனா கத்துது. சோதனைப் பட்டன அமுக்கிட்டு ஊத்துனாலும் கத்துது. பெட்டியில ஒரு பழுதும் இல்ல. அன்னைக்கி மட்டும் கத்தலன்னா, ஆள்தான் ஸ்விச்ச நிப்பாட்டியிருக்கான். நாளைக்கிக் கோர்ட்ல இதத்தான் சொல்லப் போறேன்."

"நீங்க சொல்லுங்க சார். பெட்டி வேற மாதிரி சொல்லும்," என்றாள் ரெங்கம்மா.

"பெட்டி சொன்னது ஊருக்கே கேட்டுச்சே அக்கா," என்றான் ஜொனி. ரெங்கம்மா அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

விஷயம் இதுதான். தீபாவளி கழிந்த கையோடு ஊசிப்பாறைத் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில் மலை இறங்கி, சனம் வரிசையாகக் குடியிருந்த ஒரு லயத்தையே விழுங்கிவிட்டது. மழை அளவுக்கு மிஞ்சினால் கத்திச் சனத்தை எழுப்பவேண்டிய பெட்டி வாயே திறக்கவில்லை. பெட்டிக்குக் காவல் ஞானசீலன். அவன் பெண்சாதியும் சின்ன மகளும் மண்ணுக்குள் போனார்கள். தண்ணீர் ஓடுகிற கான் அடைத்திருக்கிறதா என்று பார்க்கப் போன அவன் மட்டும் மிஞ்சினான். மிஞ்சியதுதான் அவன் செய்த குற்றம். குடித்துவிட்டுப் பெட்டியை அணைத்தான் என்று லயமே ஒரே வாயில் சொன்னது. இப்போது பதுளையில் ரிமாண்டில் இருக்கிறான். பெட்டி பழுதில்லை என்ற அறிக்கை நாளைக்குக் கோர்ட்டுக்குப் போய்விட்டால், அவன் வெளியே வருவதை மறந்துவிட வேண்டியதுதான்.

அன்று காலையில் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அவன் ரெங்கம்மாவிடம் ஒன்றுதான் கேட்டான். "எம்புள்ளைய நான் கொல்லலன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சாப் போதும்மா." அன்றைக்கு ஜொனிக்கு முதல் பகிடிப் பேச்சு வர வெகுநேரம் ஆனது.

ரெங்கம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. பதுளைக் கடைவீதியில் ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடியில் அவளுடைய துப்பறியும் ஒபிஸ். அதற்கு முன்னால் கொழும்பில் கேர்னல் எழுதிக்கொண்டிருந்தவள். கேர்னல் என்றால் கணினியின் அடிவயிறு. மேலே எத்தனை அலங்காரம் இருந்தாலும், எந்த வேலைக்கு எவ்வளவு ஞாபக இடம், யாருக்கு எப்போது என்று பங்கு போடுவது அதுதான். அந்தப் பங்கில் பிழை வந்தால் எங்கே என்று மோப்பம் பிடிக்கத் தெரிந்தவர்கள் இந்த மலையில் அவளைத் தவிர இல்லை. ஜொனி அவளுடைய ஆட்டோ சாரதி, உதவியாள், வாய்க்கொழுப்புக்குப் பொறுப்பாளன்.

அவள் பெட்டியைத் திருப்பினாள். மழையிலும் பனியிலும் கம்பத்தில் கிடந்த பெட்டி, உடம்பெல்லாம் பாசி. பக்கத்தில் பென் டிரைவ் செருகுகிற ஓட்டை இருந்தது.

"ஜொனி, இதுக்குள்ள என்னா இருக்கு?"

அவன் குனிந்து பார்த்தான். "ஒண்ணுமில்லக்கா. சுத்தமா இருக்கு."

"உன் ஆட்டோவ ஒரு மழைக்காலம் கொய்யா மரத்துக்குக் கீழ விட்டா, சைலன்சர் சுத்தமா இருக்குமா?"

"பாம்பே குடியிருக்கும்."

"இன்ஸ்பெக்டர், இந்தப் பெட்டிய யாராச்சும் திறந்தாங்களா? எதையாச்சும் செருகுனாங்களா?"

"யாரும் தொடல," என்றார் பாறூக். "கம்பனி இன்ஜினியர் ஒருத்தர் வந்தார். நிஷாந்த்னு பேரு. உங்கள மாதிரியே தண்ணி ஊத்திப் பாத்தார். பழுதில்லன்னு எழுதிக் குடுத்தார். கான்ஸ்டபிள் பக்கத்துலயே நின்னார்."

கான்ஸ்டபிள் நனைந்த காற்சட்டையைப் பார்த்துக்கொண்டு, "நடுவுல ஒரு டீ குடிக்கப் போனேன் சார்," என்றார். பாறூக் அவரைப் பார்த்த பார்வைக்கு வேறொரு மனிதன் என்றால் ராஜினாமாக் கடிதம் எழுதியிருப்பான்.

பாறூக்கின் அனுமதியோடு ரெங்கம்மா பெட்டியிலிருந்த கேர்னலைப் பிரதி எடுத்துக்கொண்டாள்.

*

ஊசிப்பாறை மேல்கணக்குக்கு ஏறும் பாதையில் ஆட்டோ இருமி இருமித்தான் போனது. காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் பதிகிற பெரட்டுக்களத்தின் ஓரத்தில் அதே மஞ்சள் பெட்டியின் அண்ணன் தம்பி ஒன்று கம்பத்தில் நின்றது. ஜொனி ஏணி வைத்து ஏறியவன், ஏறின வேகத்திலேயே கீழே இறங்கினான்.

"என்னாடா?"

"அந்த ஓட்டைக்குள்ள வீடு இருக்குக்கா. குளவி வீடு."

ஓட்டையை அடைத்து, உருட்டிப் பூசிய மாதிரி மண். மண்குளவி கட்டிய கூடு, காய்ந்து கல்லாகக் கிடந்தது. தொழிற்சாலைக்குப் பக்கத்திலிருந்த பெட்டியைப் போய்ப் பார்த்தார்கள். அதிலும் கூடு. கோயிலடிப் பெட்டியிலும் கூடு. இந்த மலையில் விரல் நுழைகிற ஓட்டை எதையும் மண்குளவி சும்மா விட்டதில்லை. சாவித் துவாரத்தைக்கூட விடாது.

"எல்லாப் பெட்டியிலயும் குளவி குடியிருக்கு. பொலிஸ்ல இருக்குற நம்ம கேஸ் பெட்டியில மட்டும் இல்ல," என்றாள் ரெங்கம்மா. "குளவிய எழுப்பிட்டு யாரோ உள்ள போயிருக்காங்க."

பெரட்டுக்களத்துப் பெட்டிக்கே திரும்பி வந்து, அதன் கூட்டை உடையாமல் பெயர்த்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். ஜொனி கேத்தலை எடுத்தான்; அது இப்போது அவன் உடம்பில் ஓர் உறுப்பு ஆகிவிட்டது. ஊற்றினான். பெட்டி ஊரைக் கூட்டிக் கத்தியது.

"இதுவும் கத்துதே! அக்கா, நம்ம கேஸ் நம்மளப் பாத்தே சிரிக்குது."

ரெங்கம்மா அதன் கேர்னலையும் பிரதி எடுத்தாள். ஆட்டோவின் பின்சீட்டில் லெப்டொப்பை மடியில் வைத்து, இரண்டு பெட்டியின் கேர்னலையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜொனி ஒரு ரொட்டியைத் தின்று முடித்து, அவளுடையதையும் தின்று முடித்தான். கடைசியில் அவள் சிரித்தாள். அது நல்ல சிரிப்பு இல்லை. எவனோ ஒருவனுக்குக் கயிறு அளவு எடுத்துவிட்டாள் என்று ஜொனிக்கு விளங்கியது.

"இப்ப நான் ஊத்துறேன். நீ அந்தச் சோதனைப் பட்டன அமுக்கு. அமுக்கிக்கிட்டே இரு."

கீச் என்றது பெட்டி. பெட்டி நலமாக இருக்கிறது என்று சொல்கிற சின்னச் சத்தம். தண்ணீர் விழ விழச் சைரனும் கத்தியது. மறுபடி அமுக்கினான், கீச். மறுபடி கத்தல். ரெங்கம்மா கேத்தலைச் சாய்த்துக் கொட்டோ கொட்டென்று கொட்டினாள். கரண்டி பேய் பிடித்த மாதிரி ஆடியது. ஜொனி அமுக்கினான், அமுக்கினான், விரல் வலிக்க அமுக்கினான்.

கீச்.

அதோடு சரி. தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. கரண்டி கவிழ்ந்துகொண்டே இருந்தது. பச்சை விளக்கு நல்ல பிள்ளையாக எரிந்தது. பெட்டி மட்டும் ஊமையாகிவிட்டது. ஜொனி இன்னொரு கேத்தல் ஊற்றிப் பார்த்தான், அப்போதும் ஊமைதான்.

"செத்துப்போச்சுக்கா," என்றான் மெதுவாக. இந்தத் தடவை அவனுக்குப் பகிடி வரவில்லை.

"சாகல. மழையே பெய்யலன்னு நெனச்சுக்கிட்டு நிக்குது. கேர்னல் ஒரு கங்காணின்னு வச்சுக்க. லயத்துல குடும்பத்துக்கு ஒரு அறை குடுக்குற மாதிரி, ஒவ்வொரு வேலைக்கும் ஞாபகத்துல ஒரு காம்பிரா பிரிச்சுக் குடுக்கும். மழைக் கணக்கு வந்து விழ ஒரு காம்பிரா. சைரன் அந்தக் காம்பிராவத்தான் எட்டிப் பாத்துக்கிட்டே இருக்கும். பட்டன அமுக்குனா, கங்காணி பழைய காம்பிராவக் காலி பண்ணிட்டு, புதுசு ஒண்ணத் தொறந்து விடுறான். சைரன் புதுசுக்குப் போயிடும்."

"மழைக் கணக்கு?"

"அதுவும் புதுசுக்குத்தான் போகணும். ஆனா காலி பண்ணுற அதே நொடியில மழைக் கணக்கு பழைய வாசல்ல கால வச்சிருச்சுன்னா? உள்ள யாரும் இருக்காங்களான்னு கங்காணி பாக்கல. காலின்னு சொல்லி வேற குடும்பத்துக்குக் குடுத்துட்டான். மழைக் கணக்கு அன்னையிலருந்து ஊரான் வீட்டுக்குள்ள போய்க் கொட்டிக்கிட்டே இருக்கும். சைரன் புதுக் காம்பிராவுல ஒண்ணுமே வரலியேன்னு பாத்துக்கிட்டு நிக்கும்."

"எங்க அத்தானுக்கு இது நடந்துருக்கு. பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டுப் போய்ப் புதுக் காம்பிராக் கதவத் தொறந்தா, உள்ள ஒரு குடும்பம் கருவாடு பொரிச்சுக்கிட்டு இருக்கு."

"சின்ன மழைன்னா நூத்துல ஒருக்காக்கூட ரெண்டும் முட்டிக்காது. மழை எவ்வளவு கூடுதோ, அவ்வளவுக்கு முட்டும். பெட்டி எப்ப வேணுமோ அப்பத்தான் அது கைய விடும்."

"கேஸ் பெட்டி அப்படி விடலியே?"

"அதுல ரெண்டு வரி கூட இருக்கு. காலி பண்ணுறதுக்கு முந்திப் பூட்டைப் பிடி, உள்ள இருக்குற ஆள் வெளிய வர்ற வரைக்கும் விடாத. அவ்வளவுதான் வைத்தியம்." அவள் லெப்டொப்பை மூடினாள். "அந்தக் கேர்னல எப்பச் சமைச்சதுன்னு அதுக்குள்ளேயே பதிஞ்சிருக்கு. போன தைப்பொங்கலுக்கு முந்தின நாள். மலை இறங்குனது தீவாளிக்குப் பொறகு. ஒருத்தன் மருந்த அரைச்சு வச்சுக்கிட்டு, நோயாளி செத்த பொறகு வாயில ஊத்தியிருக்கான். பிரேதத்தப் பாத்து, நோயே இல்லன்னு எழுதியும் குடுத்திருக்கான்."

*

அப்புத்தளையில் ரயில் பாதையைப் பார்த்த மாதிரி இருந்தது பெட்டிகளைச் செய்த 'மலைக்காவல்' கம்பனியின் ஒபிஸ். நிஷாந்த் முப்பது வயதுக்காரன். மடிப்புக் கலையாத சட்டை, பட்டணத்துப் பேச்சு. ரெங்கம்மாவின் பெயரைக் கேட்டதும் எழுந்து நின்றான்.

"உங்களப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன் மேடம். உக்காருங்க."

அவள் உட்காரவில்லை. "கேஸ் பெட்டிய இன்னைக்கிக் காலையில சோதிச்சோம் தம்பி. தண்ணி ஊத்திக்கிட்டே பட்டன அமுக்குனோம். செத்துப்போச்சு."

"சாகாது!" என்றான் அவன். "அதுல பூட்டு போட்டாச்சு..."

சொன்ன பிறகுதான் தன் வாயைத் தானே கேட்டான். முகம் வெளுத்துப்போனது.

"வாயாலேயே வலையில விழுந்த மீன இன்னைக்கித்தான் பாக்குறேன்," என்றான் ஜொனி.

ரெங்கம்மா கைக்குட்டையை அவிழ்த்துக் குளவிக் கூட்டை அவனுடைய மேசைமேல் வைத்தாள். "இது எல்லாப் பெட்டியிலயும் இருக்கு. நீ கை வச்ச பெட்டியில மட்டும் இல்ல. பொங்கலுக்கு முந்தியே சரிபண்ணிட்டியேப்பா. ஏன் போடல?"

"மேல சொன்னாங்க," என்றான். "மலை பூரா இருக்குற பெட்டியத் தொறந்தா, பழுதுன்னு ஊருக்குத் தெரிஞ்சிடும். புதுப் பெட்டிக்கான ஓடர் கையெழுத்தாகுற வரைக்கும் பொறுன்னாங்க."

"நீயும் பொறுத்த. மலை பொறுக்கல."

அவன் நிமிர்ந்தான். சாகிற பாம்பும் ஒருமுறை தலையைத் தூக்கும் அல்லவா? "நிரூபிங்க பாப்போம். பட்டன அமுக்குனாத்தான் அந்தப் பிழை வரும். வெயில் நாள்ல, மாசத்துக்கு ஒருக்கா அமுக்குங்கன்னுதான் சொல்லிக் குடுத்தோம். கொட்டுற மழையில எந்தப் பைத்தியக்காரன் அமுக்குவான்? எனக்கு எப்படித் தெரியும்? தொடவே இல்லன்னு ஞானசீலனே வாக்குமூலம் குடுத்திருக்கான். கீச் சத்தம் கேக்கலன்னு லயமே சொல்லியிருக்கு. அப்ப என் பிழைக்கும் அந்தச் சாவுக்கும் என்னா..."

சடசடவென்று தகரக் கூரையில் மழை இறங்கியது. நிஷாந்த் பேச்சைப் பாதியில் விட்டான். தலை தானாக ஒருபக்கம் சாய்ந்தது. எதற்கோ காத்திருக்கிற மாதிரி ஒரு கணம் நின்றுவிட்டு, "என்னா சம்பந்தம்?" என்று முடித்தான்.

வெளியே வந்ததும் ஜொனி, "அந்தாளுக்குக் காது மந்தம் போலக்கா," என்றான்.

"இல்ல. காது நல்லாத்தான் கேக்குது," என்றாள் ரெங்கம்மா யோசனையோடு. "ஆனா அவன் சொன்னது சரி. அன்னைக்கி யாரோ அமுக்குனாங்கன்னு ஒரு வாய் சொல்லாட்டி, ஞானசீலன் உள்ளதான். பாறூக்குக்குப் போன் போடு. லயத்துச் சனம் இருக்குற எடத்துக்கு வரச் சொல்லு."

*

மிஞ்சின சனத்தைப் பழைய தேயிலை ஸ்டோர் ஒன்றில் தங்கவைத்திருந்தார்கள். சேலையைக் குறுக்கே கட்டிக் குடும்பம் குடும்பமாகப் பிரித்திருந்தார்கள். ஞானசீலன் பெயரை எடுத்ததும் பெரியாயி என்ற பெண் காறித் துப்பினாள். மண்ணுக்குள் மகளைக் கொடுத்தவள். நீதவானிடம் முதலில் சாட்சி சொன்னதும் அவள்தான்.

"அந்தக் குடிகாரனுக்கா வக்காலத்து வாங்க வந்தீங்க? நல்லா இருப்பீங்களா? எம்மக கைய மட்டும் எடுத்துக் குடுத்தாங்க. வளையல வச்சுத்தான் அடையாளம் கண்டேன். போங்க அங்கிட்டு!"

"அன்னைக்கிப் பெட்டி கீச்சுன்னு கத்துச்சா?" என்று ரெங்கம்மா கேட்டாள்.

"கேக்கல."

"நீங்க?"

"கேக்கல," என்றாள் அடுத்தவள். "கேக்கல," என்றார் அவள் புருஷன். ஸ்டோர் முழுக்க அதே பதில், அதே வேகத்தில். பாடமாக்கிய பிள்ளைகள் ஒப்பிக்கிற மாதிரி. பாறூக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஜொனி மனசுக்குள் ஞானசீலனுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டான்.

அப்போதுதான் மழை பிடித்தது.

முதலில் தூறல். பிறகு தகரம் அதிர அதிர. ஸ்டோரில் பேச்சு நின்றது. பால் கேட்டு அழுத பிள்ளையின் வாயைக்கூடத் தாய் பொத்தினாள். அத்தனை தலையும் ஒரே பக்கமாகச் சாய்ந்தது. எல்லோரும் எதற்கோ காத்திருந்தார்கள். இதே தலைச்சாய்ப்பை ஜொனி சற்று முன்னால் அப்புத்தளையில் பார்த்திருந்தான்.

ரெங்கம்மா கம்பத்திலிருந்து கழற்றிக் கையோடு கொண்டுவந்திருந்த மேல்கணக்குப் பெட்டியைச் சேலைத்தலைப்பால் மூடி வைத்திருந்தாள். தலைப்புக்குள் கையை விட்டு அமுக்கினாள்.

கீச்.

அத்தனை தோளும் இறங்கியது. யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள். மூலைக்கு மூலை வாய்கள் தம்பாட்டுக்குச் சொல்லின: "முழிச்சிருக்கு."

சொன்னவர்கள் எல்லோரும் அப்படியே உறைந்துபோனார்கள்.

"யாரு முழிச்சிருக்கா?" என்றாள் ரெங்கம்மா. "ஏம்மா பெரியாயி, நீங்களும் சொன்னீங்களே. யாரு?"

பெரியாயி தரையைப் பார்த்தாள். பாறூக்கின் பேனா தானாக வெளியே வந்தது.

"அது பழைய பழக்கம்ங்க," என்றாள் கடைசியில். "பெட்டி வர்றதுக்கு முந்தி, மழை பெஞ்சா எங்க வீட்டுக்காரர் லயத்தடியில தொங்குற தண்டவாளத் துண்ட ஒருக்கா அடிப்பாரு. டங்குன்னு கேக்கும். காவக்காரன் முழிச்சிருக்கான்னு சொல்லிட்டுப் படுப்போம். அவரு போய்ச் சேந்துட்டாரு. பெறகு பெட்டி வந்துச்சு. அதையும் மழை பெஞ்சா ஒருக்கா கத்த விடச் சொல்லுவோம்."

"அன்னைக்கும் சொன்னீங்களா?"

"சொன்னோம்."

"எத்தன தடவ?"

"பயமா இருந்துச்சுங்க. மழை கூடக் கூடச் சொன்னோம். ஞானசீலா, ஒருக்கா கத்த விடுன்னு கடைசியா நான்தான் கூப்பிட்டேன். கீச்சுன்னுச்சு. முழிச்சிருக்குன்னு சொல்லிட்டு எம்மக ரொட்டி சுட உக்காந்தா."

"பின்ன ஏன் கேக்கலன்னு பொய் சொன்னீங்க?" என்றார் பாறூக். அவர் குரலில் பழைய மிடுக்கு இல்லை.

"கேட்டுச்சுன்னு சொன்னா, பெட்டிய அமுக்கி அமுக்கி நாங்கதான் கெடுத்தோம்னு எல்லாரையும் உள்ள போட்டுருவாங்கன்னு தம்பி சொல்லுச்சு. ஆஸ்பத்திரியில கெடந்த ஞானசீலன்கிட்டயும் தொடலன்னே சொல்லச் சொல்லிட்டேன்னுச்சு."

"எந்தத் தம்பி?"

ரெங்கம்மா குனிந்து பெரியாயியின் முகத்துக்கு நேரே வந்தாள்.

"மழை பெஞ்சா உங்களாட்டமே தலையச் சாய்க்கிற ஒருத்தன அப்புத்தளையில பாத்துட்டு வாறோம். மழையில யாரு பட்டன அமுக்குவான்னு எங்கிட்டயே கேட்டான். நிஷாந்த் உங்களுக்கு என்னா வேணும்?"

ஸ்டோரே பெரியாயியைத் திரும்பிப் பார்த்தது.

"மகன்," என்றாள். "எங்க லயத்துலருந்து இன்ஜினியருக்குப் படிச்ச மொத ஆளு. நம்ம சனத்துக்குன்னு அவன்தான் இந்தப் பெட்டியக் கொண்டாந்து வச்சான்."

ஜொனி ரெங்கம்மாவின் கையைப் பிடித்தான். "அக்கா, போதும். வாங்க போவோம். மிச்சத்த இவங்களுக்குச் சொல்லாதீங்க."

அவள் கையை உதறினாள். கருணை என்கிற சாமான் அவளிடம் இருந்ததா என்று ஜொனிக்கு இன்றுவரை தெரியாது. மழை கூடும்போது அமுக்கினால் பெட்டி எப்படி ஊமையாகும் என்பதை, காம்பிராக் கதையோடு, ஒன்று விடாமல் சொன்னாள். அந்தச் சனத்துக்குக் காம்பிராவைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் உடனே விளங்கியது. அதுதான் கொடுமை.

"அப்ப," என்றாள் பெரியாயி, "அன்னைக்கி அமுக்காம இருந்திருந்தா?"

"கத்தியிருக்கும். வெளிய ஓடியிருப்பீங்க."

ஒரு கிழவர் நெஞ்சில் அடித்துக்கொண்டார். பெரியாயி அழவில்லை.

"என் மகனுக்கு இது தெரியுமா?"

"பொங்கலுக்கு முந்தியே கண்டுபிடிச்சுட்டான். சரியும் பண்ணிட்டான். ரெண்டு வரி. பையிலயே வச்சிருந்தான்."

"பொங்கலுக்கு வீட்டுலதான் இருந்தான்," என்றாள் அவள், தனக்குத்தானே பேசுகிற மாதிரி. "ராவெல்லாம் அந்த லெப்டொப்போட உக்காந்திருந்தான். கண்ணு கெட்டுப்போகும், படுய்யான்னேன். தீவாளிக்கும் வந்தான். கம்பத்துல ஏறி ஒரு சின்ன வேலை பாக்கணும்மான்னான். நல்ல மழை. நனையாதய்யா, சூடா இருக்கு, வந்து சாப்புடுன்னு நான்தான் கூப்பிட்டேன். சரிம்மான்னு வந்து உக்காந்துட்டான்."

ஜொனி மெதுவாகக் கேட்டான்: "ஞானசீலனுக்கு இத யாரு சொல்றதுக்கா? அவன் அமுக்குனதாலதான்னு?"

"நாளைக்கிக் கோர்ட்ல நான் சொல்லுவேன். அதச் சொன்னாத்தான் விடுவாங்க," என்றாள் ரெங்கம்மா.

பாறூக் தாளைத் திருப்பினார். "மகன் பேரு?"

"நிஷாந்த்."

"தகப்பன் பேரு?"

"இராசையா. தண்டவாளம் அடிச்ச இராசையா மகன் நிஷாந்த்னு எழுதுங்க. நல்லா விளங்குற மாதிரி எழுதுங்க."

அவள் மடியில் கிடந்த போன் அடித்தது. திரையில் மகனின் படம். பட்டம் வாங்கிய அங்கியோடு சிரித்துக்கொண்டிருந்தான். அப்புத்தளைக்கு வந்து விசாரித்த ஆட்கள் அங்கேதான் வருகிறார்கள், வாயைத் திறக்காதே என்று சொல்லத்தான் எடுத்திருப்பான். பெரியாயி போனைக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் அவசர அவசரமாகப் பேசுகிற சத்தம் ஜொனிக்கே கேட்டது. அவள் முழுக்கக் கேட்டாள்.

"சாப்பிட்டியாய்யா?" என்றாள்.

பதிலைக் கேட்டுக்கொண்டு, போனை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள்.